இருட்டும் முன்பே தொடங்குங்கள்: புதுத் தொலைநோக்கியைப் பொருத்திச் சீரமைக்கும் வழி

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்களில் பலர், பெட்டி வந்த அன்றைக்கே இரவில் அதைப் பிரித்து, கைபேசி வெளிச்சத்தில் திருகுகளைத் தேடித் தேடி மாட்டி, வானத்தை நோக்கித் திருப்புகிறார்கள். கண்ணில் படுவது வெறும் கருமை. நிலவு எதிரே பளிச்சென்று நிற்கும், ஆனால் குழாய்க்குள் அகப்படாது. இப்படி இரண்டு மூன்று இரவு போனதும் கருவி வீட்டின் ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் பெரும்பாலும் அந்தக் கருவியில் ஒரு குறையும் இருக்காது. பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையை இருட்டில் செய்யப் பார்த்ததுதான் சிக்கல்.

அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பகல் வேலைதான். அதை முடித்துவிட்டால் இரவு முழுவதும் பார்ப்பதற்கே மிச்சமிருக்கும்.

பகல் வேலை என்று சொன்னதால் வேறு எதற்கும் முன்பு சூரியனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொலைநோக்கி வழியாகவோ அதன் மேல் குறிபார்ப்பதற்காக இருக்கும் சின்ன ஃபைண்டர் வழியாகவோ சூரியனை ஒரு கணம்கூடப் பார்க்கக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும், போகும்போது வலிக்கவும் செய்யாது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. சில பழைய கருவிகளோடு, கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழலான ஐபீஸில் திருகி மாட்டும் சின்னக் கறுப்பு வடிகட்டி ஒன்று வரும். குழாய் குவிக்கும் வெப்பத்தில் அது விரிசல் விட்டுவிடக்கூடும். உங்கள் பெட்டியில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட, குழாயின் முன்வாயை முழுவதுமாக மூடும் வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது. பகலில் பயிற்சி செய்யும்போது சூரியன் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஒரு குறியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் அருகில் இருந்தால், நகரும்போது மூடியைப் போட்டுவிட்டு நகருங்கள்.

கையில் இருப்பது என்ன கருவி?

குழாயின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று முன்வில்லை அல்லது ஆடியின் விட்டம், மற்றது குவிய நீளம், அதாவது அந்த வில்லையோ ஆடியோ ஒளியைக் குவிக்கும் தூரம். விட்டம் எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. குவிய நீளத்தை ஐபீஸின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 900 மி.மீ. குவிய நீளமுள்ள குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 36 மடங்கு; 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு. எண் சிறியதாக ஆக, உருப்பெருக்கம் கூடும். இது பலருக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும்.

பெட்டியின் மேல் 500 மடங்கு, 600 மடங்கு என்று போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதுதான் ஏறத்தாழ பயனுள்ள எல்லை. 70 மி.மீ. கருவிக்கு 140, 114 மி.மீ. கருவிக்கு 228. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் குழம்பிவிடும், புதிதாக ஒரு விவரமும் தெரியாது. காற்று அமைதியில்லாத இரவுகளில் அந்த எல்லையைக்கூட எட்ட முடியாது. என் கருத்தில், முதல் சில வாரங்களுக்குப் பெட்டியில் இருக்கும், உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ வில்லையை எடுக்கவே தேவையில்லை. மிகப் பெரிய எண் போட்ட ஐபீஸை மாட்டி, அதிலேயே பழகுங்கள். அதிக உருப்பெருக்கத்தில் வானத்தைத் துழாவுவது ஊசித் துளை வழியே ஊரைப் பார்ப்பதற்குச் சமம்.

அடுத்து மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு. மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பினால் அது ஆல்ட்-அசிமுத் வகை. தரையில் ஒரு பெட்டிபோல உட்கார்ந்து இப்படித் திரும்புவது டாப்சோனியன். இந்த எளிய அமைப்பைப் பரவலாக்கிய ஜான் டாப்சன் பெயரால் அழைக்கப்படுகிறது. சாய்ந்த அச்சும், ஒரு கம்பியில் தொங்கும் எதிரெடையும் இருந்தால் அது ஈக்வடோரியல். இந்த மூன்றில் டாப்சோனியன் வைத்திருப்பவர்களுக்கு வேலை மிகக் குறைவு. ஈக்வடோரியல் வைத்திருப்பவர்கள் மட்டும் பின்னால் வரும் நீண்ட பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நிற்க வைத்தல்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இருட்டை மட்டும் பார்க்காதீர்கள். காலடியில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அந்த சூட்டில் காற்று நெளியும், நெளியும் காற்றின் வழியே வரும் படமும் நெளியும். மண் தரையோ புல்தரையோ கிடைத்தால் அதுவே நல்லது. மொட்டை மாடிதான் கதி என்றால் இரவு கொஞ்சம் ஏறிய பிறகு பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலாகத் தெரியும் கோளுக்கும் இதே கதிதான். அது கூரையைத் தாண்டி நகரும்வரை காத்திருக்கலாம். அறைக்குள் இருந்துகொண்டு ஜன்னல் கண்ணாடி வழியே பார்ப்பது எந்த விதத்திலும் சரிப்படாது.

முக்காலியின் கால்களை முழு உயரத்துக்கு இழுக்காதீர்கள். பாதி நீளம் போதும். கால் நீண்டால் ஆட்டமும் கூடும், நின்று பார்ப்பதைவிட நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது கண்ணுக்கும் நல்லது. கால்களுக்கு நடுவே மாட்டும் தட்டு ஐபீஸ் வைப்பதற்கு மட்டுமல்ல, கால்களை விரித்து இறுக்கிப் பிடிப்பதும் அதுதான். அதை மாட்டாமல் விட்டுவிடாதீர்கள். எல்லாத் திருகுகளையும் இறுக்கிய பிறகு குழாயை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடிகளில் அதிர்வு அடங்கினால் சரி. அதற்கு மேலும் ஆடிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு மூட்டு தளர்வாக இருக்கிறது, அல்லது கால்கள் மிக நீளமாக இருக்கின்றன.

முக்காலியின் தலை சமமட்டமாக இருப்பது நல்லது. ஆனால் அதற்காக மில்லிமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. மோட்டாரால் தானே தேடிப் போகும் கருவியாக இருந்தால் மட்டும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஃபைண்டரைச் சேர்த்துவைத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிரதானக் குழாய் வானத்தின் மிகச் சிறிய துண்டை மட்டுமே காட்டுகிறது. மேலே சொன்ன 36 மடங்கில், வழக்கமான ஐபீஸில் தெரிவது ஏறக்குறைய 1.4 பாகை அகலம், அதாவது மூன்று முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் நிரம்பிவிடும். 90 மடங்கில் ஒரு முழுநிலவுதான் அடங்கும். குழாயின் மேல் இருக்கும் சின்ன ஃபைண்டர் இதைவிடப் பல மடங்கு அகலமாகப் பார்க்கும். இரண்டும் ஒரே புள்ளியைப் பார்த்தால் மட்டுமே அதனால் பயன் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய ஃபைண்டர் ஒருபோதும் தானாக நேர்கோட்டில் இருக்காது.

பகல் வெளிச்சத்தில், தொலைவில் அசையாமல் நிற்கும் ஒரு கூரான குறியைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிக் கோபுரத்தின் உச்சி, மின்கம்பத்தின் நுனி, மலையுச்சிப் பாறை, எதுவானாலும் சரி. ஆனால் தூரம் முக்கியம். குறைந்தது 300 மீட்டராவது இருக்கட்டும். காரணம் இதுதான்: ஃபைண்டரும் குழாயும் ஏறக்குறைய 15 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. 20 மீட்டரில் நிற்கும் கம்பத்தை வைத்துச் சரிசெய்தால், அந்த இடைவெளியால் மட்டும் வானத்தில் கிட்டத்தட்ட ஒரு முழுநிலவு அகலத்துக்குக் குறி தவறிப்போகும். 300 மீட்டரில் அந்தப் பிழை கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

பெரிய எண் கொண்ட ஐபீஸை மாட்டுங்கள். ஃபைண்டரைத் தொடவே வேண்டாம். குழாயின் முதுகோடு கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறிபார்க்கிற விதத்தில் குழாயையே அந்தக் கோபுரத்தை நோக்கித் திருப்புங்கள். ஐபீஸில் பார்த்தபடி ஃபோகஸ் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஏதாவது ஒரு பொருள் தெளிவாகும். அதிலிருந்து கோபுர உச்சிக்கு நகர்ந்து, உச்சியை நடு மையத்துக்குக் கொண்டுவந்து, அச்சுகளைப் பூட்டிவிடுங்கள். இப்போதுதான் ஃபைண்டருக்கு வர வேண்டும். அதன் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அதே உச்சி குறுக்குக் கம்பிகள் சந்திக்கும் இடத்துக்கோ சிவப்புப் புள்ளிக்கோ வரும்படி செய்யுங்கள். மூன்று திருகு உள்ள வகையில் ஒன்றைத் தளர்த்திய பிறகுதான் எதிரில் இருப்பதை இறுக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் ஃபைண்டர் நசுங்கும். முடிந்ததும் ஐபீஸை மறுபடி பாருங்கள், திருகு வேலையில் குழாய் நகர்ந்திருக்கலாம். பிறகு 10 மி.மீ. ஐபீஸை மாட்டி இதையே இன்னொரு முறை செய்தால் துல்லியம் கூடும்.

படம் தலைகீழாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். ஆடித் தொலைநோக்கியிலும் நேராகப் பார்க்கும் வில்லை ஃபைண்டரிலும் அப்படித்தான் தெரியும். வில்லைத் தொலைநோக்கியில், ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பிவிடும் வளைவான டயகனல் மாட்டியிருந்தால் மேல் கீழ் சரியாக இருந்து இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். வானத்தில் மேல் கீழ் என்று ஒன்று இல்லாததால் அதற்கென்று தனியாகத் திருத்தும் வில்லை எதுவும் வைப்பதில்லை. குழாயை எந்தப் பக்கம் தள்ளினால் படம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கை சீக்கிரமே கற்றுக்கொள்ளும்.

சிவப்புப் புள்ளி ஃபைண்டருக்கு ஒரு சின்னக் குறிப்பு: வேலை முடிந்ததும் அதன் விசையை அணைத்துவிடுங்கள். மின்கலம் தீர்ந்துபோய்த்தான் பெரும்பாலான ஃபைண்டர்கள் வேலை செய்யாமல் நிற்கின்றன.

ஆடிகளை நேராக்குதல்

வில்லைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆடித் தொலைநோக்கியில் அடியில் ஒரு பெரிய குழியாடியும் வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்ன ஆடியும் இருக்கின்றன. வண்டியில் வந்த குலுக்கலில் இவை கொஞ்சம் விலகியிருக்கலாம். இவற்றை நேராக்குவதற்குக் கொலிமேஷன் என்று பெயர். பேரைக் கேட்டே பலர் தயங்குகிறார்கள், ஆனால் பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஐபீஸை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நடுவில் சிறு துளையிட்ட மூடி ஒன்றை மாட்டி அதன் வழியே பாருங்கள். கண் சரியாக நடுவில் இருப்பதற்குத்தான் துளை. இதற்கென்றே விற்கும் செஷையர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. முதலில் சின்ன ஆடியைக் கவனியுங்கள்: அதில் பெரிய ஆடியின் வட்டம் முழுதாக, அதைப் பிடித்திருக்கும் மூன்று கொக்கிகளோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சின்ன ஆடியின் முதுகில் இருக்கும் மூன்று சிறு திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யும்போது குழாயைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கைதவறித் திருப்புளியோ திருகோ விழுந்தால் பெரிய ஆடியின் மேல் விழக் கூடாது. அடுத்து குழாயின் அடியில் இருக்கும் திருகுகளால் பெரிய ஆடியைச் சாய்த்து, அதன் மையத்தில் இருக்கும் குறி துளையின் பிம்பத்தோடு பொருந்தும்படி செய்தால் முடிந்தது. மையக் குறி இல்லாத ஆடிகளும் உண்டு. அவற்றில் வட்டங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் இருப்பதை வைத்து முடிவுசெய்யலாம்.

கடைசிச் சோதனை இரவில். பிரகாசமான ஒரு விண்மீனை அதிக உருப்பெருக்கத்தில் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்றே விலக்குங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் ஆடிகள் நேராக இருக்கின்றன. துருவ நட்சத்திரம் நகராமல் நிற்பதால் இந்தச் சோதனைக்கு அது வசதி. எல்லாம் ஏற்கெனவே சரியாக இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

ஈக்வடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு

பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கிறது. அதனால் 90 மடங்கில் நடுவில் வைத்த விண்மீன் ஒரு நிமிடத்திலேயே ஓரத்துக்குப் போய்விடும். ஆல்ட்-அசிமுத் கருவியில் அதைப் பின்தொடர இரண்டு அச்சையும் மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். ஈக்வடோரியலில் ஓர் அச்சு (துருவ அச்சு) பூமியின் அச்சுக்கு இணையாகவே சாய்த்து வைக்கப்படுவதால், அந்த ஒன்றை மட்டும் திருப்பினால் போதும். அந்தச் சாய்வைச் சரியாக வைப்பதுதான் துருவச் சீரமைப்பு. இதைச் செய்யாமல் இந்த மவுண்டைப் பயன்படுத்தினால், அது ஆல்ட்-அசிமுத்தைவிடத் தொல்லை தரும்.

முதலில் எடைச் சமநிலை. எதிரெடையைக் கம்பியில் மாட்டிய பிறகே குழாயை ஏற்றுங்கள். கழற்றும்போது முதலில் குழாய், பிறகு எடை. கம்பியின் நுனியில் இருக்கும் தடைத் திருகு எப்போதும் இருக்கட்டும், எடை நழுவினால் நேராகக் கால்விரலில்தான் விழும். ஐபீஸ், ஃபைண்டர் எல்லாவற்றையும் மாட்டி, மூடியையும் எடுத்துவிட்டு, கம்பி தரைக்கு இணையாக வரும்படி திருப்பித் துருவ அச்சின் பூட்டைத் தளர்த்துங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எடையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கைவிட்டாலும் அப்படியே நிற்க வேண்டும். அப்புறம் அந்த அச்சைப் பூட்டிவிட்டு, குழாயின் அச்சைத் தளர்த்தி, வளையங்களுக்குள் குழாயை முன்பின்னாக நகர்த்தி அதையும் சமன்செய்யுங்கள். தளர்த்தும்போது குழாயை ஒரு கையால் பிடித்திருப்பது அவசியம்.

இனி சாய்வு. வானத் துருவத்தின் உயரம் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். அட்சரேகை 13 பாகை என்றால் மவுண்டின் பக்கவாட்டு அளவுகோலில் 13 வைக்க வேண்டும், 45 என்றால் 45. உங்கள் அட்சரேகையைக் கைபேசி வரைபடமே சொல்லும். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றதை இறுக்குங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: சில மவுண்டுகளில் அச்சு அவ்வளவு தாழ்ந்து வராது, எதிரெடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். வடக்கு நோக்கிய காலைக் கொஞ்சம் குட்டையாக்கினால் முழு மவுண்டும் அந்தப் பக்கம் சாய்ந்து தேவையான பாகை கிடைத்துவிடும்.

இதுவரை எல்லாமே பகலில் செய்யலாம். இருட்டியதும் முக்காலியோடு தூக்கித் திருப்பி, அச்சை வடக்கு நோக்கி வையுங்கள். காந்த ஊசி காட்டும் வடக்கு உண்மையான வடக்கிலிருந்து இடத்துக்கு இடம் சில பாகைகள் விலகும், ஆகவே கண்ணால் துருவ நட்சத்திரத்தைப் பிடிப்பதே உறுதியானது. சப்தரிஷி மண்டலத்தின் கிண்ணப் பகுதியில் வெளி ஓரத்தில் இருக்கும் இரண்டு விண்மீன்களை இணைக்கும் கோட்டை, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் வந்துவிடும். அது ரொம்பப் பிரகாசமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடுத்தர ஒளிதான், சுற்றிலும் வேறு பெரிய விண்மீன் இல்லாததால் தனியாகத் தெரியும். குழாயை அச்சுக்கு இணையாக, எதிரெடை நேர்கீழே தொங்கும் நிலையில் வைத்துக்கொண்டு, மவுண்டின் உயரத் திருகாலும் பக்கத் திருகாலும் மட்டும் அதை ஃபைண்டரின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குழாயின் பூட்டுகளைத் தளர்த்தி அதைத் தேடக் கூடாது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகியிருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கு அந்தப் பிழை ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு பாகை தவறினால்கூட அவ்வப்போது மற்ற அச்சின் குமிழை லேசாகத் தொட்டால் போதும். தென்னரைக்கோளத்தில் வசிப்பவர்களுக்கு வசதியான துருவ நட்சத்திரம் கிடையாது. அங்கே துருவத்துக்கு அருகில் இருக்கும் சிக்மா ஆக்டான்டிஸ் மிக மங்கலானது. தென்சிலுவையின் நீண்ட கையை அதன் நீளத்தில் நாலரை மடங்கு நீட்டி, ஏறத்தாழ அந்த இடத்தை நோக்கித் தெற்கே அச்சை வைத்தால் பார்ப்பதற்குப் போதும்.

புகைப்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது போதாது. மோட்டாரை ஓடவிட்டு, நண்பகல் கோட்டுக்கு (வடக்கிலிருந்து தெற்காக உச்சி வழியே போகும் கோடு) அருகே, வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஓடும் கோடு) பக்கத்தில் இருக்கும் ஒரு விண்மீனை அதிக உருப்பெருக்கத்தில் சில நிமிடங்கள் கவனியுங்கள். வடவரைக்கோளத்தில் அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்குப் பக்கம் தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்குப் பக்கம். பிறகு கிழக்கு வானத்தில் தாழ்வாக இருக்கும் விண்மீன்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. ஐபீஸில் எது தெற்கு என்று தெரியாவிட்டால் குழாயைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் மெல்லத் தள்ளிப் பாருங்கள், விண்மீன் விலகும் பக்கம்தான் தெற்கு.

சீரமைத்த பிறகு அந்த இரண்டு மவுண்ட் திருகுகளையும் முக்காலியையும் தொடவே கூடாது. இனி எங்கே போவதானாலும் அந்த இரண்டு அச்சுகளால்தான். கிழக்கே இருப்பதைப் பார்க்கும்போது குழாய் மவுண்டின் மேற்குப் பக்கத்தில் இருப்பது இயல்பு. ஆடித் தொலைநோக்கியில் ஐபீஸ் எட்டாத கோணத்துக்குப் போய்விட்டால், வளையங்களைத் தளர்த்திக் குழாயைச் சுற்றிவிடுங்கள்.

தானே தேடும் கருவிகள்

கணினி பொருத்திய மவுண்டில் பிழை வருவது பெரும்பாலும் எண்களை உள்ளிடும்போதுதான். தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் கேட்கும் கருவிகள் உண்டு. நேர மண்டலத்தையும், கோடைகால நேரம் உண்டா இல்லையா என்பதையும் கவனமாகக் கொடுங்கள். பிறகு இரண்டு விண்மீன்களைக் காட்டச் சொல்லும். ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி, உச்சந்தலைக்கு நேராகவும் இல்லாமல் அடிவானத்தில் ஒட்டியும் இல்லாமல் இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். கருவியின் பட்டியலில் நம் பெயர்கள் இருக்காது: ரோகிணியை ஆல்டெபரான் என்றும், திருவாதிரையை பெட்டல்ஜூஸ் என்றும், மகத்தை ரெகுலஸ் என்றும், சித்திரையை ஸ்பைகா என்றும், சுவாதியை ஆர்க்டுரஸ் என்றும், கேட்டையை அன்டாரஸ் என்றும், திருவோணத்தை ஆல்டேர் என்றும் தேட வேண்டும். விண்மீனை மையத்துக்குக் கொண்டுவரும் கடைசி அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் இருக்கட்டும். பல்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு அப்போதுதான் கணக்கைக் கெடுக்காது.

முதல் இரவு

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கருவியை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் சூடாக இருந்த ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரும்வரை குழாய்க்குள்ளேயே காற்று நெளிந்துகொண்டிருக்கும். பெரிய ஆடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும், ஒரு முறை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் அத்தனையும் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியம் மாதிரியான வான வரைபடச் செயலிகளில் திரையைச் சிவப்பாக்கும் இரவு வசதி இருக்கிறது.

நிலவோடு தொடங்குங்கள், அதுவும் வளர்பிறை எட்டாம் நாள் ஒட்டி. முழுநிலவு கண்ணைக் கூசும், நிழல் விழாததால் தட்டையாகவும் தெரியும். அரைநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளமும் மலையும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். பகலில் சேர்த்துவைத்த ஃபைண்டரை நிலவில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விண்மீனில் ஃபோகஸ். எவ்வளவு சிறிய புள்ளியாகச் சுருங்குகிறதோ அங்கேதான் சரியான ஃபோகஸ். நடுவில் கறுப்புத் துளையோடு ஒரு பெரிய ஒளி வட்டம் தெரிந்தால் அது கோளும் இல்லை, விண்மீனின் மேற்பரப்பும் இல்லை. ஃபோகஸ் விலகியிருக்கிறது, தெரிவது சின்ன ஆடியின் நிழல். எந்த உருப்பெருக்கத்திலும் விண்மீன் புள்ளியாகத்தான் இருக்கும். கண்ணாடி அணிபவர்கள் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். சிதறல் பார்வை இருந்தால் கண்ணாடியோடு பார்ப்பதே மேல்.

வியாழன் வானில் இருக்கும் பருவமானால் அதை விடாதீர்கள். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள் 30 மடங்கிலேயே ஒரே வரிசையில் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் அவற்றில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருப்பது புலப்படும். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த இரவுகளில் ஒப்பிட்டுப் பாருங்கள், இதற்கு நிகரான பாடம் வேறு இல்லை. சனியின் வளையமும் ஏறக்குறைய அதே உருப்பெருக்கத்தில் பிரியும். ஆனால் சுமார் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பிக் கோடாக மெலிந்துவிடும். 2025 மார்ச்சில் அப்படித்தான் ஆனது, இனி ஆண்டுக்கு ஆண்டு அகலும்.

விண்மீன் கூட்டங்களில் கார்த்திகைக்குத்தான் என் ஓட்டு. குறைந்த உருப்பெருக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஆறேழுக்குப் பதில் பல பத்து நீல வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருக்கும். ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலம் இவற்றைப் பார்க்கும்போது புகைப்படங்களில் வரும் நிறங்களை எதிர்பார்க்காதீர்கள். குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது, சாம்பல் நிறப் புகைதான் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் அந்தப் புகை விரிந்து தெரியும், விழித்திரையின் ஓரம்தான் மங்கிய ஒளிக்கு அதிகக் கூர்மை உள்ளது. ஆண்ட்ரோமெடாவிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளி கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

விண்மீன்கள் படபடவென்று மின்னும் இரவில் உருப்பெருக்கத்தைக் கூட்டாதீர்கள், மேலே காற்று கலங்கியிருக்கிறது என்று பொருள். அந்த இரவுகளைக் கார்த்திகை மாதிரி அகன்ற கூட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துவைக்கும்போது

வில்லையில் பனி படர்ந்திருந்தால் துடைக்காதீர்கள். வில்லையிலும் ஆடியிலும் இருக்கும் பூச்சில் துணியால் தேய்த்தால் கீறல் விழலாம். வீட்டுக்குள் கொண்டுவந்து குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, மூடி போடாமல் ஈரம் தானாக உலரவிடுங்கள், உலர்ந்த பிறகே மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கொஞ்சம் தூசி இருப்பதால் படம் கெடுவதில்லை. ஆடியை வருடத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் வராது. ஃபைண்டரைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தால், அடுத்த முறை மாட்டியதும் அதே கோபுர உச்சியை வைத்து ஒரு நிமிடம் சரிபார்த்துவிடுங்கள், இருட்டும் முன்பே.